பத்தாம் நம்பர் ஸ்பேனர்

ஆயுத பூஜையன்று பிரபாவதியின் வீட்டில் அரிவாள்மனை வேலை செய்யாது. மிக்ஸி வேலை செய்யாது. கத்தரிக்கோல், சுத்தியல், தையல் மிஷின், மகள் காயத்ரியின் லேப்டாப் எதுவும் வேலை செய்யாது. அன்றைக்கு ஓய்வே இல்லாமல் ஓடுவது பிரபாவதியின் வாய் ஒன்றுதான் என்பான் அவள் புருஷன் உலகநாதன். அதையும் கழுவிப் பொட்டு வைத்துப் படத்துக்கு முன்னால் உட்கார வைத்தால் என்ன என்று ஒரு வருஷம் கேட்டுவிட்டு, அன்று முழுக்கச் சுண்டல் கிடைக்காமல் அலைந்தான்.

பூஜையில் வைத்த பொருள் வைத்ததுதான். மறுநாள் காலை மறுபூஜை போட்டு, பிரபாவதியே எடுத்து அவரவர் கையில் கொடுத்தால்தான் உண்டு. காயத்ரி பிளஸ் டூ படிக்கும்போது பூஜைக்கு மறுநாள் மத்தியானம் ஏதோ டியூஷனில் கெமிஸ்ட்ரி பரீட்சை வைத்துவிட்டார்கள். புத்தகத்தைக் கொடு என்று பெண் அழுதாள், உலகநாதன் கெஞ்சினான். பிரபாவதி அசையவில்லை. சரஸ்வதி கையில் இருக்கிற புத்தகத்தைப் பிடுங்கிப் படித்தால் என்ன மண்ணு ஏறும் என்று கேட்டாள். அந்தக் கெமிஸ்ட்ரி மார்க் இன்றுவரை அந்த வீட்டில் பேசப்படுகிறது.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், வாசலில் நிற்கிற அந்தப் பிக்கப் வண்டிக்காக.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி அவர்கள் வீடு. உலகநாதனின் அப்பா வரை நிலத்தில் இறங்கியவர்கள். உலகநாதன் சேற்றில் கால் வைக்காமல் பிக்கப் வாங்கினான். மாமல்லபுரத்துப் பட்டறைகளில் செதுக்கி முடித்த கற்சிலைகளை வைக்கோல் மெத்தை போட்டு ஏற்றிப் போய், கேட்ட ஊரில் பொறுப்பாக இறக்கிவிட்டு வருவான். வீட்டுக்கு வந்ததும் அன்றைய சவாரியைக் கதையாகச் சொல்லுவான். பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்த ஒரு பிள்ளையார் தூக்கத்தில் பெல்ட் நழுவித் தன் மடியில் சாய்ந்துகொண்டார் என்பான். பிரபாவதி நம்ப மாட்டாள். பிள்ளையாருக்கு வேறு மடியா கிடைக்கவில்லை என்று ஆரம்பிப்பாள். சாப்பாடு முடிகிறவரை சண்டை நடக்கும்.

பிறகு வண்டி நின்ற இடத்தில் தினமும் காலையில் தரை ஈரமாக இருக்கத் தொடங்கியது. வாசல் தெளிக்கிற பிரபாவதிதான் முதலில் பார்த்தாள்.

"இன்னாங்க, வண்டி தண்ணி வுடுது."

"அது ஏசி தண்ணிமே. அப்படித்தான் வுடும்."

வண்டியில் ஏசி கிடையாது. அதைச் சொன்னபோது உலகநாதனுக்குக் கோபம்தான் வந்தது. ரேடியேட்டர் ஒழுகிக்கொண்டே ஒரு பெரிய நந்தியை ஏற்றிக்கொண்டு போனான். செங்கல்பட்டு ஏரியைத் தாண்டுவதற்குள் இன்ஜின் சூடேறி, பிஸ்டன் பிடித்து, வண்டி அப்படியே படுத்துவிட்டது. நந்தி வேறொரு லாரியில் ஏறி உரிய நேரத்துக்குக் கோயில் போய்ச் சேர்ந்தது. வண்டி கயிறு கட்டி வீட்டுக்கு வந்தது.

அன்றிலிருந்து உலகநாதன் வேறொருவரின் பஸ்ஸை ஓட்டுகிறான். மறைமலைநகர் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிப்போய் இறக்கிவிடுகிற வேலை. ஏறுகிறவர்களும் தூங்கிக்கொண்டே வருவார்கள், இறங்குகிறவர்களும் தூங்கிக்கொண்டே போவார்கள். சொல்லுவதற்கு ஒரு கதை கிடையாது. வீட்டுக்கு வந்தால் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வான். பிரபாவதி என்ன சொன்னாலும் சரி என்று சொல்லிவிடுவான். இதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திருப்பிச் சண்டை போட ஆள் இல்லாத வீட்டில் வாய் இருந்து என்ன பிரயோஜனம்.

போன வருஷ ஆயுத பூஜைக்கு அந்தச் செத்த வண்டியையும் கழுவி, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி ஏறினால்தானே பழம் நசுங்கும். தெருவே சேர்ந்து பின்னாலிருந்து தள்ளியது. பிரபாவதியின் தம்பி கார்த்தி தள்ளிக்கொண்டே, "மாமா, ஸ்டியரிங்க நல்லா புடி, ஓவர் ஸ்பீடா போவுது" என்றான். தெரு சிரித்தது. பிரபாவதியும் சிரித்துவிட்டாள். உலகநாதன் வண்டியிலிருந்து இறங்கி நேராகத் தட்டில் எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அணைத்தான்.

"அடுத்த ஆயுத பூஜை அன்னிக்கு இந்த வண்டி தானா பழத்து மேல ஏறணும். ஏறலன்னா அன்னிக்கே என் கையாலயே காயலான் கடைக்குப் பழைய இரும்பா ஏத்தி அனுப்பிடறேன். அப்பால நான் பஸ் டிரைவருதான்."

கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியத்தை யாரால் திரும்ப வாங்க முடியும்? பிரபாவதிக்குச் சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

சத்தியம் செய்துவிட்டானே தவிர, இன்ஜின் மாற்றுவது பல்ப் மாற்றுவது போலவா? அதே மாதிரி வண்டியை உடைத்த இடத்திலிருந்து ஒரு பழைய டீசல் இன்ஜின் வந்து சேரவே மழைக்காலம் முடிந்துவிட்டது. வந்த இன்ஜின் வீட்டு நடையில் பிரபாவதியின் பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு படுத்துக் கிடந்தது. வருகிறவர்கள் இது என்ன என்று கேட்டால், "எங்க வூட்டுக்காரரோட சின்ன வூடு. பஸ்ஸுல இருந்து வந்தா நேரா இதுங்கிட்டதான் போவாரு" என்பாள். உலகநாதன் அப்போதும் பதில் சொல்ல மாட்டான். புடவையை விலக்கிவிட்டு இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

அவனுக்குத் துணை தாவீது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஒர்க் ஷாப்பில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு வேலைக்கு இறங்குவான். மூன்று சவுக்குக் கம்பத்தை மேலே சேர்த்துக் கட்டி, செயின் தொங்கவிட்டு, பழைய இன்ஜினைத் தூக்கி எடுத்தார்கள். புது இன்ஜினை இறக்கினார்கள். கிளட்ச் உட்கார்ந்தது, கியர் பாக்ஸ் சேர்ந்தது, ஒயர் எல்லாம் அதனதன் இடத்துக்குப் போனது. இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல்நாள் டீசல் குழாயும் மாட்டியாகிவிட்டது.

மீதி ஒரே ஒரு வேலை. புதிதாக மாட்டிய குழாய்க்குள் காற்று தங்கிவிடும். காற்று இருந்தால் டீசல் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. பில்டரின் மேல் இருக்கிற சின்ன நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, பக்கத்தில் இருக்கிற பம்பைக் கையால் அழுத்தினால், காற்று குமிழி குமிழியாக வெளியே போய்விடும். குமிழி நின்று வெறும் டீசல் வந்ததும் நட்டை இறுக்கிவிட வேண்டும். அவ்வளவுதான். பூஜையை முடித்துக்கொண்டு நல்ல நேரத்தில் அதைச் செய்யலாம் என்று உலகநாதன் வைத்திருந்தான். மற்றதோடு பூஜைக்குப் போய்விடக் கூடாதே என்று அந்த நட்டுக்குரிய பத்தாம் நம்பர் ஸ்பேனரை பில்டர் பக்கத்திலேயே சொருகிவிட்டு, காலையில் பஸ்ஸுக்குப் பூஜை போடப் போனான்.

பிரபாவதி வண்டியைக் கழுவினாள். பானட்டைத் திறந்து உள்ளேயும் துடைத்தாள். அங்கே ஒரு ஸ்பேனர் அனாதையாகக் கிடந்தது. மற்ற ஸ்பேனர்களை எல்லாம் ஏற்கெனவே புளி போட்டுத் தேய்த்து, கூடத்தில் வாழையிலை மேல் சின்னதிலிருந்து பெரிதுவரை கொலு மாதிரி அடுக்கியிருந்தாள். ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் ஒரு இடம் காலியாகத்தான் இருந்தது. அதில் இதையும் வைத்து, சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தபோது அவளுக்கு அப்படி ஒரு திருப்தி.

உலகநாதன் வந்து குளித்துவிட்டுப் பூஜையில் நின்றான். தீபாராதனையின்போது கண்ணை மூடிக்கொண்டான், அதனால் எதிரில் இருந்ததைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தட்டு காட்டி முடிந்ததும் முடிந்ததுதான். வண்டிக்கு மாலை போட்டார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அதற்குள் கார்த்தி பைக்கில் வந்து இறங்கினான். டேங்கின் மேல் ஒரு பெரிய கயிற்றுச் சுருள்.

"எதுக்குடா கயிறு?" என்றாள் பிரபாவதி.

"சும்மாதான்க்கா. எதுக்கும் இருக்கட்டும்னு. காயலான் கடைக்காரன் வெளக்கு வெக்கிற நேரத்துக்கு லாரியோட வந்துடறேன்னிருக்கான். பூஜை போட்டு மொத சவாரி, ராசியான சவாரியா இருக்கணுமாம்."

உலகநாதன் அதைக் காதில் வாங்காமல் சாவியைத் திருப்பிப் பார்த்தான். ஒருவேளை காற்று இல்லாமலேயே இருந்தால்? செல்ப் மோட்டார் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இன்ஜின் இருமக்கூட இல்லை. அவன் இறங்கி, பானட்டைத் திறந்து பில்டர் பக்கம் கையை விட்டான். அந்தப் பக்கம் தடவினான், இந்தப் பக்கம் தடவினான். கீழே படுத்துப் பார்த்தான்.

"இங்க வச்சிருந்த பத்தாம் நம்பர் எங்க?"

காயத்ரிதான் மெதுவாகக் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்த்ததும் எல்லோரும் பார்த்தார்கள். குங்குமம் வைத்துக்கொண்டு, தலையில் ஒரு சாமந்திப் பூவோடு, பத்தாம் நம்பர் சரஸ்வதி காலடியில் உட்கார்ந்திருந்தது.

பிரபாவதி சண்டைக்குத் தயாரானாள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் திருப்பிக் கத்தலாம், பூஜை நாளில் பொருளை வண்டியில் போட்டுவிட்டுப் போனது யார் என்று கேட்கலாம். அவன் கத்தவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்பேனர் கேட்கத் தெருவில் இறங்கினான்.

ஆயுத பூஜையன்று ஸ்பேனர் தேடிப் போகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சைக்கிள் கடையில் எல்லா ஸ்பேனரும் படத்துக்கு முன்னால் இருந்தன. பம்ப் செட் ரிப்பேர்காரர் வீட்டிலும் அப்படியே. தச்சர் வீட்டில் ரம்பத்துக்குக்கூட மாலை போட்டிருந்தார்கள். இரும்புச் சாமான் விற்கிற கடைக்காரர் பூஜை முடித்துத் தராசை மூடி வைத்துவிட்டார், நாளைக்குத்தான் முதல் போணி என்றார். போன இடத்திலெல்லாம் உட்கார வைத்துப் பொரி கொடுத்தார்கள். ஸ்பேனர் கேட்டுப் போனவன் கைகொள்ளாத பொரிப் பொட்டலங்களோடு திரும்பி வந்தான்.

அதற்குள் தாவீதும் வந்துவிட்டான். அவனைப் பார்த்ததும் கார்த்திக்கு யோசனை ஓடியது. "தாவீதண்ணே, நீங்கதான் பூஜை போட மாட்டீங்களே. உங்க ஸ்பேனரு சும்மாதான கீது?"

தாவீது தலையைச் சொறிந்தான். "ஒர்க் ஷாப் பூஜையில வச்சிட்டேன்பா."

"நீங்க எதுக்கு வச்சீங்க? நீங்க சர்ச்சுக்குப் போறவருதான?"

"எல்லாரும் வரிசையா வெக்கிறாங்க, நான் மட்டும் என் பொட்டிய தூக்கி மறைச்சிகினு நிக்க சொல்றியா? ஓனரு என் ஸ்பேனருக்குத்தான் பெரிய பொட்டா வச்சாரு. கதவைப் பூட்டிகினு பூட்டாரு. உன் பைக்குல ஒண்ணியும் இல்லியா?"

கார்த்தி சீட்டைத் தூக்கிக் காட்டினான். ஒரு மஞ்சள் துணியும் இன்சூரன்ஸ் பேப்பரும் இருந்தன.

"அண்ணாத்த, ஒரு நாள்தான. காலையில மறுபூஜை போட்டதும் அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடலாம்" என்றான் தாவீது.

"கற்பூரம் அணைச்சிகீறேன் தாவீது" என்றான் உலகநாதன்.

வெயில் இறங்கத் தொடங்கியது. பிரபாவதி அடுப்பங்கரைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். அவன் வந்து ஸ்பேனரைக் கேட்பான் என்று காத்திருந்தாள். கேட்டால் மாட்டேன் என்று சொல்லியிருப்பாள். பெண்ணுக்கே புத்தகம் கொடுக்காதவள், புருஷனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாளா என்று கேட்டிருப்பாள். கேட்டுவிட்டு நிம்மதியாகவும் இருந்திருப்பாள். அவன் கேட்கவே இல்லை. அவள் கொடுக்க மாட்டாள் என்று முடிவு கட்டிவிட்டான். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

எட்டிப் பார்த்தாள். உலகநாதன் வண்டிக்குள் உட்கார்ந்து டாஷ்போர்டில் இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பொரிப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு டார்ச் லைட். வைக்கோல் கட்டுகிற சணல். சிலை செய்கிறவர்கள் எப்போதோ சும்மா செதுக்கிக் கொடுத்த உள்ளங்கை அகலக் கல் ஆமை. ஆமையை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டுப் பையில் போட்டான். தெருக்கோடியில் மாலை போட்ட லாரி ஒன்று வந்து ஹார்ன் அடித்தது.

பிரபாவதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் மேல் தனக்கு இத்தனை ஆசை இருக்கிறது என்பதை யாராவது சொல்லியிருந்தால் காலையில் சிரித்திருப்பாள். நேராகக் கூடத்துக்குப் போனாள். படத்துக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். குனிந்து பத்தாம் நம்பரை எடுத்தாள்.

காயத்ரி வாயைத் திறந்தாள். "ம்மா. என் கெமிஸ்ட்ரி புக்கு?"

"அன்னிக்கு புக்க குடுத்திருந்தாலும் நீ அதே மார்க்குதான் வாங்கியிருப்ப. நகரு."

பட்டுப் புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு பிரபாவதி வாசலில் இறங்கியபோது, லாரிக்காரனிடம் பேசிக்கொண்டிருந்த கார்த்தி பேச்சை நிறுத்தினான். உலகநாதன் அவள் கையில் இருந்ததைப் பார்த்தான். வண்டியிலிருந்து இறங்கி ஓடி வந்து கையை நீட்டினான்.

"குடு."

"நீங்க தொடாதீங்க."

"இன்னாமே வெளையாடற, லாரி வந்துடுச்சி."

"பூஜையில இருந்து எடுத்தது நானு. அதால எது வந்தாலும் எனக்கு வரட்டும், நீங்க சத்தியம் பண்ணவரு, உங்களுக்கு இதுவும் வாணாம். எந்த நட்டுன்னு மட்டும் சொல்லுங்க."

உலகநாதன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். அந்த இன்ஜினில் தாவீது இறுக்கிய நட்டைக்கூட அவன் இரண்டாவது தரம் இறுக்காமல் விட்டதில்லை. இப்போது ஒரு விரலை நீட்டி, "இது" என்றான்.

"எந்தப் பக்கம் திருப்பணும்?"

"இடப்பக்கம். கொஞ்சமா. மெதுவா."

பிரபாவதி பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். முதலில் நட்டு அசையவில்லை. இதைத்தான் ஒரு வருஷமாகக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தீர்களா என்று நட்டைப் பார்த்தபடியே புருஷனைக் கேட்டாள். பிறகு இளகிக் கொடுத்தது. தாவீது பம்பை அழுத்தினான். புஸ் என்று சத்தம் வந்து, சின்னதும் பெரிதுமாகக் குமிழி கிளம்பியது. டீசல் அவள் விரல் வழியாக இறங்கி, வளையலைத் தாண்டி, பட்டு ஜாக்கெட்டின் கை வரை ஓடியது. அவள் துடைக்கவில்லை. தலையைக் குனிந்து, பால் பொங்குகிறதா என்று பார்க்கிறவள் போல, குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் வருதா?" என்றான் உலகநாதன்.

"வருது. இருங்க. இப்போ சின்னதா வருது. இப்போ இல்ல. வெறும் டீசலுதான்."

"இறுக்கு."

இறுக்கினாள். பானட்டைச் சாத்தினார்கள். உலகநாதன் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடாமல், சாவியைத் திருப்பினான். செல்ப் சுற்றியது. ஒரு தரம் இருமியது. மறுபடி சுற்றியது. பின்னால் கறுப்புப் புகை ஒன்று கிளம்பி லாரிக்காரன் முகத்தில் போய் விழ, வண்டி உறுமிக்கொண்டு நின்றது. மாலை எல்லாம் ஆடியது. கார்த்தி கயிற்றைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

சத்தியம் இன்னும் முடியவில்லை. பழம் இருக்கிறது. பிரபாவதி சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து, டீசல் கையோடு, ஸ்பேனரோடு, அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"புடவை போச்சி" என்றான் உலகநாதன்.

"ஏசி தண்ணிதான, காஞ்சிடும்."

அவன் சிரித்தான். சத்தம் போட்டே சிரித்தான். பஸ் ஓட்டப் போன நாளிலிருந்து அவள் கேட்காத சிரிப்பு. கிளட்சை மிதித்தான், கியர் மேல் கையை வைத்தான், பிறகு கை அப்படியே நின்றது. நட்டு லூசாக இருந்தால் காற்று மறுபடி ஏறும். வண்டி பழத்துக்கு முன்னாலேயே நின்றுவிடும். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்லா இறுக்கினியா?"

"சந்தேகமா கீதா? எறங்கிப் பாத்துக்குங்க. ஸ்பேனரு இந்தாங்க, என் கையிலதான் கீது."

உலகநாதன் அந்தக் கையைப் பார்த்தான். டீசலும் குங்குமமும் கலந்து மணிக்கட்டு வரை சிவந்திருந்தது. அவன் இறங்கவில்லை. முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டான். நாலு பழமும் நசுங்கின.